கச்சான் காலத்துக் கடற்றொழில்

கடலென்றால் குளிர்ச்சி என்று எண்ணுவது கரையிலே நின்று காற்று வாங்குவோரின் வழக்கம். மாலையில் மணலில் அமர்ந்து, அலையோசை கேட்டு, உப்புக் காற்றை மார்பில் ஏற்று வீடு திரும்புவோருக்குக் கடல் ஒரு விசிறி. ஆனால், விடியுமுன் தோணி தள்ளி, நண்பகல் வரை கயிறு பிடித்து இழுக்கும் உழைப்பாளிக்கோ அதே கடல் ஓர் உலைக்களம். தலைக்கு மேலே ஒரு சூரியன். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் குத்தும் மற்றொரு சூரியன். காலுக்குக் கீழே கொதிக்கும் மணல். இம்மூன்றுக்கும் நடுவே நின்று அவன் பிடித்துத் தரும் மீனே நம் வீட்டுச் சட்டியிற் குழம்பாகிறது. அந்த மனிதன் வெப்பத்தை எவ்வாறு தாங்குகிறான், தாங்க முடியாத எல்லை எது, அந்த எல்லையைத் தாண்டாதபடி அவனைக் காப்பதற்கு என்ன செய்யலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொண்ட கரை அக்கரைப்பற்றுக் கரை. 'பற்று' என்பது பழைய நிருவாகப் பிரிவைக் குறிக்கும் சொல். கரவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என வழங்கிய இப்பகுதிகள் முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கின. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில் எனக் கோத்த மணிபோல் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் இவை. மேற்கே வயல், கிழக்கே கடல். வயலில் இறங்குவோனும் கடலில் இறங்குவோனும் ஒரே வெயிலைத்தான் சுமக்கின்றனர். ஆயினும் வயற்காரனுக்கு வரப்போரத்தில் ஒரு மரமாவது உண்டு. கடற்காரனுக்கு அதுவும் இல்லை.

கச்சான் என்னும் காற்று

வைகாசி தொடங்கி ஆவணி ஈறாக இலங்கையின் தென்மேற்குப் பாகத்தில் பருவமழை கொட்டுகிறது. காலியிலும் களுத்துறையிலும் இரத்தினபுரியிலும் ஆறுகள் பெருகுகின்றன. அதே நாட்களில் கிழக்குக் கரையில் நிலம் வெடிக்கிறது. ஒரே தீவில், ஒரே காற்றால் இவ்விரண்டும் நிகழ்வது எங்ஙனம்?

தென்மேற்கிலிருந்து வரும் காற்று இந்து சமுத்திரத்தின் நீராவியைச் சுமந்து வருகிறது. மத்திய மலைநாடு அதன் வழியை மறிக்கிறது. காற்று மலைமேல் ஏறும்போது குளிர்கிறது. குளிர்ந்ததும் சுமந்து வந்த நீரை மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. கீழே இறங்க இறங்க அழுத்தத்தினால் அது சூடேறுகிறது. இவ்வாறு ஈரம் இழந்து சூடு பெற்ற காற்றே நம் ஊரார் 'கச்சான்' என்று கூறும் மேல்காற்று. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலையடிவாரத்தில் 'ஃபோன்' என்று அழைக்கப்படும் காற்றும் இம்முறையிலேயே பிறக்கிறது. வானியல் நூலைப் படியாத கடற்காரரும் இக்காற்றின் குணத்தை நன்கறிவர். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரக் கடலை அது தட்டையாக்கி அமைதிப்படுத்துகிறது. ஆனால் இயந்திரம் பழுதான படகைக் கரையை விட்டு அப்பாலே தள்ளிக்கொண்டும் போகிறது.

வாடைக் காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரையான மாதங்களிற் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்திற் கரைவலைத் தோணிகள் பெரும்பாலும் மணலிற் கவிழ்ந்து கிடக்கும். பங்குனி, சித்திரையிற் கடல் அடங்கிய பின்னரே தொழில் சூடுபிடிக்கும். புரட்டாதி வரை அது நீடிக்கும். ஆகவே, கடல் இடங்கொடுக்கும் காலமும் வெயில் இடங்கொடாத காலமும் இக்கரையில் ஒன்றாகவே வருகின்றன. வெயிலுக்கு அஞ்சி வீட்டிலிருந்தால் ஆண்டின் வருவாய் போய்விடும். இதுவே நம் மீனவரின் இக்கட்டு.

புழுக்கமும் வெக்கையும்

இக்கரையில் வெப்பத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று சித்திரையின் முகம். ஏப்ரல் முற்பகுதியிற் சூரியன் இவ்வூர்களுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. பருவக்காற்று இன்னும் எழவில்லை. மரத்தில் இலையும் அசையாது. கடலிலிருந்து எழும் ஈரம் அப்படியே நின்றுவிடும். இதைப் 'புழுக்கம்' என்கிறோம். மற்றொன்று ஆனி, ஆடி மாதங்களின் முகம். கச்சான் வீசும், உதடு வெடிக்கும், உடுப்பு உடுத்தபடியே காயும். இதை 'வெக்கை' என்கிறோம். தமிழன் இரு சொற்களைப் படைத்தது வீணன்று. உடலுக்கு இவை செய்யும் தீங்கும் இரு வகைப்பட்டது.

நமது தேகத்தின் உட்சூடு ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். தசைகள் வேலை செய்யும்போது, உண்ட உணவிலிருந்து பெற்ற சக்தியில் நாலிலொரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது. கடுமையாக உழைக்கும் ஒருவனின் உடல் மணிக்கு 300 கிலோகலோரிக்கும் மேலான வெப்பத்தை உண்டாக்கக்கூடும். 60 கிலோகிராம் நிறையுள்ளவனின் தேகச் சூட்டை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 50 கிலோகலோரி போதும். அவ்வெப்பம் வெளியேற வழியில்லையெனிற் பத்து நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் உடல் சூடேறும் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டறியலாம். அவ்வாறு நேராமற் காப்பது வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகிப் பறந்தால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைத் தன்னுடன் கொண்டு செல்லும்.

இதிற் கவனிக்கவேண்டியது 'ஆவியாகி' என்ற சொல். சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது வீணாகப் போன நீர். புழுக்கத்திற் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. உடலோ, இன்னும் வியர்த்தாற் குளிரும் என்று எண்ணி மேலும் மேலும் நீரை இறைக்கிறது. வெக்கையிலோ வியர்வை தோன்றிய கணமே பறந்துவிடுகிறது. உடல் குளிர்கிறது, ஆனால் நனையவில்லையாதலால், எவ்வளவு நீர் போயிற்று என்பதை உழைப்பாளி உணர்வதில்லை. புழுக்கம் வெளிப்படையான பகைவன். வெக்கை மறைந்திருந்து தாக்கும் பகைவன்.

நிழலில் வெப்பமானி 32 பாகை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 40 ஆக இருந்தால் உடலுக்கு அது ஏறத்தாழ 33 பாகையாகவே தோன்றும். ஈரப்பதன் நூற்றுக்கு 70 ஆனால் அதே 32 பாகை ஏறத்தாழ 40 பாகையாக உடலைத் தாக்கும். நேர் வெயிலில் நிற்போர்க்கு இன்னும் 8 பாகை வரை கூடலாம். வெப்பமானி ஒன்றையே பார்த்து, 'நேற்றுப்போலத்தானே இன்றும்' என்று கூறுவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

சுரங்கத்திற் கற்ற பாடம்

ஈரவெப்பத்தின் கொடுமையை விஞ்ஞானிகள் முதலிற் கற்றது கடலில் அன்று, பூமிக்கடியில். ஸ்கொட்லாந்து அறிஞர் ஜே. எஸ். ஹோல்டேன் கோர்ன்வால் பகுதிச் சுரங்கங்களை ஆராய்ந்து, 1905ஆம் ஆண்டில் ஒரு முடிபை வெளியிட்டார். உடலின் தாங்குதிறனை நிருணயிப்பது சாதாரண வெப்பமானி அன்று. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியே என்றார். அந்த ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 31 பாகையைத் தாண்டினால், அசையாத காற்றிற் சும்மா இருப்பவனின் தேகச் சூடும் உயரத் தொடங்கும் என்பது அவர் கண்ட உண்மை. 1923ஆம் ஆண்டில் மொஸ் என்பவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பீடித்த தசைப்பிடிப்புக்குக் காரணம் வியர்வையுடன் உப்பும் வெளியேற, அவர்கள் வெறுந்தண்ணீரை மட்டும் அளவின்றிப் பருகியமையே என்று விளக்கினார்.

1957ஆம் ஆண்டில் யாக்லூ, மினார்ட் என்னும் இருவர், பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீழ்ந்த அமெரிக்கப் படைவீரரைக் காக்கும் பொருட்டு, ஈரம், வெயில், காற்றின் சூடு ஆகிய மூன்றையும் சேர்த்தளக்கும் சூத்திரமொன்றை வெளியிட்டனர். அதில் ஈரக்குமிழ் வெப்பமானிக்கு நூற்றுக்கு 70 பங்கு மதிப்பு. வெயிலில் வைத்த கரிய கோளத்துக்கு 20. சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. உலகெங்கும் தொழிலிடங்களில் இன்றும் இவ்வளவை முறையே கையாளப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இளம் வயதினரைக் கொண்டு நடத்திய சோதனையிலும், ஈரமிக்க சூழலிற் கட்டுப்பாட்டின் எல்லை ஏறத்தாழ 31 பாகை ஈரக்குமிழ் நிலையிலேயே அமைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹோல்டேன் கூறியதை அது மீண்டும் உறுதிசெய்தது. அதுவும் இலேசான வேலைக்கு உரிய எல்லை. வலை இழுப்பவனுக்கு எல்லை இதனினும் கீழே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

கரைவலையின் உழைப்பு

கரைவலை என்பது தனி மனிதன் தொழிலன்று. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் வைத்துக்கொண்டு, தோணி கடலுக்குட் சென்று வலையை வளைத்துப் போட்டு, மறுதலைப்புடன் சற்றுத் தொலைவிற் கரையேறும். பின்னர் இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னோக்கி நடந்து இழுப்பர். மடி கரையை அடைய மணிக்கணக்கில் நேரமாகும். எப்போது வளைப்பது, எவ்வளவு விரைவாக இழுப்பது என்பதெல்லாம் தண்டயல் எனப்படும் தலைவரின் கணிப்பு. கீரி, நெத்தலி, பாரை என எது அகப்பட்டாலும் வலைக்காரருக்கு உரியது போக எஞ்சியது ஆட்களுக்குப் பங்கு.

இப்பங்கு முறையிலேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மாதச் சம்பளக்காரன் தலை சுற்றினால் அமரலாம். பங்குக்காரன் அமர்ந்தால் அருகிலிருப்பவன் தோளிற் பாரம் ஏறும். பங்கு குறையுமோ என்ற அச்சமும் வரும். 'இளந்தாரிக்கு இவ்வளவுதானா' என்ற கேலியும் எழும். ஆகவே, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறான். வெப்பத்தால் வீழ்வோர் பலர், வீழும் கணம் வரை எதுவும் சொல்லாமலே இழுத்தவர்கள். மானமும் வறுமையும் சேர்ந்து மறைக்கும் நோய் இது.

முன்னோர் கண்ட வழிகள்

வெப்பமானி இல்லாத நாளிலேயே நம் முன்னோர் வெப்பத்தை வெல்லச் சில முறைகளைக் கைக்கொண்டனர். அவற்றை இன்றைய அறிவுகொண்டு பார்க்கையில் வியப்பே மேலிடுகிறது.

முதலாவது, நேரம். இரவில் நிலம் குளிர்ந்ததும் கரைக்காற்று கடலை நோக்கி வீசும். பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கரையை நோக்கித் திரும்பும். பாய்த்தோணி முன்னதிற் சென்று பின்னதில் மீண்டது. காற்றை நம்பிய அந்த ஒழுங்கே உழைப்பின் பெரும்பகுதியை வெயில் ஏறுமுன் முடிக்கச் செய்தது.

இரண்டாவது, அம்பா. கயிறு இழுக்கும்போது பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் அடியெடுக்க, மற்றையோர் ஒன்றாகக் குரல் கொடுத்து இழுப்பர். அடுத்த அடி வரும்வரை தசைகள் தளரும். இழுப்பும் இளைப்பாறலும் மாறிமாறி வரும் இவ்வொழுங்கு தசைகளுக்கு ஓய்வு தருகிறது. அன்றியும், பாட்டில் ஒரு குரல் தளர்ந்தால் அந்த ஆளும் தளர்ந்துவிட்டான் என்பதை வரிசை முழுவதும் அறியும்.

மூன்றாவது, கஞ்சி. இரவு நீரூற்றி வைத்த சோற்றைக் காலையில் உப்பிட்டு, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்து அருந்திச் செல்வது பழைய வழக்கம். ஒரு லீற்றர் வியர்வையில் ஏறத்தாழ ஒன்று முதல் நான்கு கிராம் வரை உப்பு வெளியேறுகிறது. நீரையும் உப்பையும் மாச்சத்தையும் ஒன்றாகத் தரும் கஞ்சி, மொஸ் கண்ட உண்மையைக் கிண்ணத்தில் வைத்திருக்கிறது. இளநீர், மோர், தேசிக்காய்த் தண்ணீர், வெள்ளரிப்பழம் ஆகியனவும் இவ்வரிசையைச் சேர்ந்தவையே.

நான்காவது, உடை. உடலோடு ஒட்டாத பருத்திச் சாரமும் தலையிற் சுற்றிய துண்டும் வெயிலைத் தடுத்துக் காற்றையும் உள்ளே விடும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்கு இத்தீவெங்கும் பெயர் உண்டு. அதை நனைத்துத் தோளில் இட்டுக்கொண்டால், துணியிலுள்ள நீர் ஆவியாகி, வியர்வை செய்யவேண்டிய வேலையைத் தான் செய்யும். கடல்நீரையே இதற்குப் பயன்படுத்தலாம். மாலையில் நன்னீரிற் குளித்து உப்பைக் கழுவிவிட்டால் வேர்க்குருவும் அண்டாது.

ஐந்தாவது, வாடி. கிடுகு வேய்ந்த கரையோரக் கொட்டிலை வாடி என்கிறோம். நான்கு பக்கமும் காற்று நுழையும் அந்நிழலுக்கு ஈடாகத் தகரக் கூரை நில்லாது. தகரம் வெயிலைக் குடித்துக் கீழே உமிழ்கிறது. கிடுகு வெயிலை மேலேயே நிறுத்திவிடுகிறது.

மாறிய தோணியும் மாறாத வெயிலும்

இன்று பாய் போயிற்று. வெளியிணைப்பு இயந்திரம் வந்தது. மரத்தோணி போய்க் கண்ணாடியிழைப் படகு வந்தது. இதனால் விளைந்த நன்மைகள் பல. ஆனால் பாயோடு அதன் நிழலும் போயிற்று என்பதை எவரும் கவனிக்கவில்லை. காற்றுக்குக் காத்திராமல் எந்நேரமும் போகலாம் என்றானபின், உச்சி வெயிலிலும் தொழில் நடக்கிறது. பல நாட்கள் ஆழ்கடலில் தங்கிச் சூரை பிடிக்கும் பெரிய படகுகளில், பகலெல்லாம் மேல்தளத்தில் வெயில். கீழே இறங்கினால் இயந்திர அறையின் அனல்.

கரையிலும் நிழல் குறைந்து வருகிறது. ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனை அமைத்த பின்னர் ஒலுவிற் கரையில் ஏற்பட்ட கடலரிப்பு தென்னைகளையும் நிலத்தையும் விழுங்கியது. தென்னை சாய்ந்த இடத்திற் கடற்காரனின் நண்பகல் நிழலும் சாய்ந்தது.

உலகின் வெப்பமும் ஏறிவருகிறது. 2024ஆம் ஆண்டு, அளவீடுகள் தொடங்கிய காலந்தொட்டு அதிகூடிய வெப்பமுள்ள ஆண்டு என்று உலக வளிமண்டலவியல் நிறுவனம் அறிவித்தது. உலகில் 240 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் மிகை வெப்பத்துக்கு ஆளாகக்கூடும் என்று சர்வதேச தொழிலாளர் நிறுவனம் அதே ஆண்டில் எடுத்துரைத்தது. நம் கரையில் வலை இழுப்போரும் இக்கணக்கில் அடங்குவர்.

தண்ணீர்க் கணக்கு

கடலுக்குப் போகும் படகில் எரிபொருளை அளந்து ஊற்றுகிறோம். ஐஸ் கட்டியை எண்ணி ஏற்றுகிறோம். தண்ணீரை மட்டும் கைக்கு வந்தபடி எடுத்துச் செல்கிறோம். இது பெரும் பிழை. தேக நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே உழைக்கும் திறன் தளரும். 60 கிலோகிராம் நிறையுள்ளவனுக்கு அது ஒன்றேகால் லீற்றருக்கும் சற்றுக் குறைவு. கடும் வெயிலில் ஓரிரு மணி நேரத்திற் போய்விடும்.

தாகம் எடுத்தபின் ஒரே மூச்சிற் குடிப்பதிலும், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை வீதம் பருகுவதே நன்று. அவ்வாறாயின் ஓராளுக்கு மணிக்கு ஏறத்தாழ முக்கால் லீற்றர் ஆகும். மூவர் ஆறு மணி நேரம் தொழில் செய்யும் படகுக்குப் பதின்மூன்றரை லீற்றர். இயந்திரம் பழுதாகிக் கச்சானில் அகப்பட்டால் உதவும் பொருட்டு மேலும் சில லீற்றர். ஆக, 20 லீற்றர் கொள்ளும் கலன் ஒன்று படகில் இருப்பது அவசியம். அதை ஈரச்சாக்காற் சுற்றி நிழலில் வைத்தாற் குளிர்ந்தே இருக்கும். மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வெறுந்தண்ணீரைக் குடிப்பதும் தீது. இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போகும்.

நீடித்து உழைப்போர் 'ஜீவனி' போன்ற உப்புக் கரைசற் பொடியை வைத்திருத்தல் நலம். அது கிடையாதவிடத்து, ஒரு லீற்றர் சுத்தமான நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். அளவை மிஞ்சலாகாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும். எக்காரணங்கொண்டும் கடல்நீரைக் குடித்தல் ஆகாது. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள அந்நீரின் உப்பை வெளியேற்ற, குடித்ததிலும் கூடுதலான நீரைச் சிறுநீரகம் செலவிட நேரும்.

நோன்பு காலத்தைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டிலும் ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால் ரமழான் மாதம் பருவந்தோறும் நகர்ந்து வருகிறது. 2015 முதல் 2018 வரை அது மே, ஜூன், ஜூலை மாதங்களில், கச்சானின் நடுவிலேயே அமைந்தது. 2040களின் பிற்பகுதியில் மீண்டும் அவ்வாறே அமையும். அத்தகைய காலங்களில் இரவுத் தொழிலை மேற்கொள்வதும், இஃப்தார் முதல் ஸஹர் வரை சிறிது சிறிதாக நீர் அருந்துவதும், பகலிற் பாரமான வேலையைத் தவிர்ப்பதும் அறிவுடைமை. உயிருக்கு இடர் நேருமிடத்து மார்க்கம் காட்டும் சலுகைகளை உலமாக்களிடம் முன்னரே கேட்டறிந்து கொள்ளலாம்.

ஆபத்தின் அறிகுறிகள்

வெப்பநோய் படிப்படியாக வரும். முதலிற் கெண்டைக்காலிலும் வயிற்றிலும் தசைப்பிடிப்பு. அடுத்துத் தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, மிகுந்த வியர்வை, சோர்வு. இந்நிலையில் நிழலில் இருத்தி, உடையைத் தளர்த்தி, உப்புக் கரைசல் பருகக் கொடுத்தாற் பெரும்பாலும் தெளியும். அன்றைக்கு அவரை மீண்டும் கயிறு பிடிக்க விடலாகாது. அதையும் பொருட்படுத்தாவிடின் வருவது வெப்ப அதிர்ச்சி. தேகச் சூடு 40 பாகையைத் தாண்டும்; பேச்சுக் குழறும்; சொன்னது விளங்காது; தள்ளாடி விழுவர்; வலிப்பும் வரலாம். வியர்வை நின்றால்தான் வெப்ப அதிர்ச்சி என்று சிலர் எண்ணுவது தவறு. கடும் உழைப்பால் வருவதில் உடல் வியர்வையால் நனைந்தே இருக்கக்கூடும். புத்தி தடுமாறுவதே உண்மையான அடையாளம்.

அப்பொழுது செய்யவேண்டியது ஒன்றே: உடனே குளிர்வித்தல். வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருத்தல் ஆகாது. அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்வித்தால் உயிர் தப்ப வாய்ப்பு அதிகம். படகிலாயின் கடல்நீரை ஓயாது வாரி ஊற்றித் துணியால் வீசவேண்டும். ஐஸ் இருந்தால் துணியிற் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் நீர் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும். குளிர்வித்துக்கொண்டே கரைக்கும் வைத்தியசாலைக்கும் விரையவேண்டும்.

நீரும் காற்றும் சேர்ந்து செய்யும் இவ்வைத்தியத்தின் வன்மையை உலகுக்குக் காட்டியது மக்கா நகரம். ஹஜ்ஜுக் காலத்தில் வெப்பத்தால் வீழும் யாத்திரிகரைக் காப்பதற்கென வீனர், கோகலி என்னும் அறிஞர் இருவர் 1980ஆம் ஆண்டில் ஒரு குளிர்விக்கும் கட்டிலை அறிமுகஞ்செய்தனர். உடல்மேல் நுண்ணிய நீர்த்துளியைத் தூவிக் காற்றை வீசச் செய்வதே அதன் தத்துவம். ஆயினும் வெப்பம் மனிதன் சூழ்ச்சிக்கு எளிதில் அடங்குவதன்று. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பநிலை 51.8 பாகையை எட்டியது. 1,300க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அச்செய்தி கேட்டு நம் ஊர்களும் கலங்கின. அங்கே பாலைவனத்து வெயில் செய்ததை இங்கே கரையோரப் புழுக்கமும் செய்யவல்லது.

மீனுக்கும் வெப்பம் பகை

வெயில் மீனவனை மட்டுமன்றி மீனையும் கெடுக்கிறது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் வெயிலிற் கிடந்தால், கிருமிகளின் செயலால் 'ஹிஸ்டமைன்' என்னும் நச்சுப்பொருள் அவற்றில் உண்டாகும். பின்னர் எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. உண்டவர்க்கு முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் தோன்றும். நம் நாட்டு வெயிலில் ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ் என்பது பொதுவான விதி. ஐஸ் தாராளமாக இருந்தால், விலை போய்விடுமென்ற பதற்றமின்றி மீனவனும் சற்று நிழலில் அமரலாம். மீனைக் காக்கும் ஐஸ், மனிதனையும் இவ்வாறு மறைமுகமாகக் காக்கிறது.

புயலுக்கு அஞ்சுவோர் வெயிலுக்கும் அஞ்சுக

இக்கரை துன்பத்திற் பாடம் கற்ற கரை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியை மூத்தோர் இன்னும் மறக்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதிச் சுனாமியில் அம்பாறை மாவட்டம் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. ஆதலின், வளிமண்டலவியல் திணைக்களம் 'கடலுக்குச் செல்லாதீர்' என்று அறிவித்தால் இன்று படகுகள் கரையில் நிற்கின்றன. அதே திணைக்களம் உடல் உணரும் வெப்பம் பற்றியும் எச்சரிக்கை விடுக்கிறது. கிழக்கு மாகாணத்தின் பெயர் அதில் அடிக்கடி வருகிறது. அதனைக் கேட்டு வலையிழுப்பை ஒத்திவைப்போர் எத்தனை பேர்? புயலுக்கு ஓசை உண்டு. சுனாமிக்கு அலை உண்டு. வெப்பத்துக்கு இரண்டும் இல்லை. வீழ்ந்தவனை 'மாரடைப்பு' என்று சொல்லி அடக்கிவிடுகிறோம்.

தொழிலை நிறுத்துமாறு நாம் சொல்லவில்லை. ஒழுங்கு செய்யுமாறே சொல்கிறோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், வயல்களில் வெப்பத்தால் தொழிலாளர் மாண்டதைக் கண்டு, 2005ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. தண்ணீர், நிழல், ஓய்வு என்னும் மூன்றே அவற்றின் சாரம். நம் கரைவலைச் சங்கங்களும் படகுச் சங்கங்களும் இம்மூன்றையும் எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் நடைமுறைப்படுத்தலாம். உச்சி வெயிலில் புதிதாக வலை வளைப்பதில்லை என்று முடிவுசெய்யலாம். ஒவ்வொரு வாடியிலும் ஒரு தண்ணீர்க்குடமும் கிடுகு நிழலும் கட்டாயம் என்று வைக்கலாம். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞனுக்கு முதலிரு வாரங்களில் வேலையைப் படிப்படியாகக் கூட்டலாம். உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கு ஏழு முதல் பதினான்கு நாள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பத்தால் தளர்ந்து அமர்ந்தவனுக்குப் பங்கு குறையாது என்று தண்டயல்கள் ஒரு சொல் கொடுக்கவேண்டும். அந்த ஒரு சொல், எத்தனையோ மருந்துக்கு ஈடாகும். தலை சுற்றுகிறது என்று வெட்கமின்றிச் சொல்லும் துணிவை அதுவே தரும்.

மாணவர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. ஒரே மாதிரியான வெப்பமானி இரண்டை எடுங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித்துணியைச் சுற்றி, துணியின் நுனியை நீர்க்கிண்ணத்தில் அமிழ்த்துங்கள். இரண்டையும் பாடசாலை விறாந்தையில், வெயில் படாமற் காற்றுப் படும்படி தொங்கவிட்டு, நாள்தோறும் காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் குறித்து வாருங்கள். உலர்ந்தது 32 பாகையும் ஈரமானது 22 பாகையும் காட்டினாற் கச்சான். தண்ணீரை மறக்கவேண்டாம் என்பது அதன் செய்தி. ஈரமானது 27 பாகைக்கு ஏறினாற் புழுக்கம். நிழலையும் ஓய்வையும் கூட்டவேண்டும் என்பது அதன் செய்தி. அந்த எண்களைச் சுண்ணக்கட்டியால் ஒரு பலகையில் எழுதி, கடற்கரைச் சந்தியில் நிறுத்துங்கள். கடலுக்குப் புறப்படும் வாப்பாவோ, அப்பாவோ, காக்காவோ, அண்ணனோ அப்பலகையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கலனை நிரப்பிக்கொண்டு போகட்டும். பள்ளியிற் கற்ற கல்வி கரையில் ஓர் உயிரைக் காத்தால், அதனிலும் மேலான பயன் வேறென்ன உண்டு?